"18 நடக்குது" என்கிற பெண்ணைக் குழந்தை பார்க்க வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா?

காட்பாடி_ஜன்னல்சீட்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. தவழ ஆரம்பித்துவிட்டாள், கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குள் போகிறது. நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். 26 வார லீவு முடிந்து, சம்பளமில்லாத லீவும் போட்டாயிற்று. வருகிற முதல் தேதி போய்ச் சேர வேண்டும். கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மாமியார் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. இப்போது அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

ஒடுகத்தூர் பக்கம் மலைக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணைச் சொல்கிறார்கள். மாமியாருக்குத் தெரிந்தவர் மூலமாக. பிளஸ் டூ எழுதி கெமிஸ்ட்ரியில் மட்டும் போய்விட்டது. வீட்டோடு தங்குவாள். மாதம் 8,000, சாப்பாடு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி. அவள் அப்பா 25,000 முன்பணம் கேட்கிறார், மாதாமாதம் கழித்துக்கொள்ளலாமாம். வயதைக் கேட்டால் "18 நடக்குது" என்கிறார்கள்.

நேரில் வந்தாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே கை கால் கழுவிக்கொண்டு வந்துதான் குழந்தையைத் தொட்டாள். குழந்தையும் போய் ஒட்டிக்கொண்டது. மாமியாருக்கு அப்போதே முடிவாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

இன்னொரு ஆளும் இருக்கிறார். எங்கள் தெருவிலேயே 48 வயது அக்கா. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, 14,000. ஞாயிறு வர மாட்டார். சமையல், பாத்திரம் எதையும் தொட மாட்டார், குழந்தை மட்டும்தான். கணவர் ஷிப்டில் இருக்கும் இரவுகளுக்கு அவர் உதவ மாட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பாலாறு_மணல்:

இதில் யோசிக்க என்னம்மா இருக்கிறது? எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேரும் சின்னப் பெண்கள் இடுப்பில்தான் வளர்ந்தோம். மலையில் அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? நீங்கள் வேண்டாம் என்றால் திருப்பூர் மில்லுக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் கல்யாணம் பண்ணி வைப்பார்கள். உங்கள் வீட்டில் மூன்று வேளை சோறு, மேலே ஃபேன், கையில் காசு. இரண்டு வீட்டுக்கும் நல்லது. வயதான ஆள் வந்தால் நீங்கள் சொல்வதைக் கேட்காது, உங்களுக்கே பாடம் எடுக்கும்.

கோர்ட்டு_வாசல்:

சகோதரி, முதலில் வயதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 18 நடக்கிறது என்றால் 17 தான் முடிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பிறந்த தேதி இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆதார் மட்டும் போதாது, நம் பக்கம் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் போட்டிருக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 14 வயதுக்குக் கீழே வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம். 2016-ல் சட்டத்தைத் திருத்திக் கிட்டத்தட்ட எல்லா வேலைக்கும் அந்தத் தடையைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு சுரங்கம், வெடிமருந்து மாதிரி ஆபத்தான வேலைகள்தான் தடை. வீட்டு வேலை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 17 வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டாலே ஜெயில் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

ஆனால் சிறார் நீதிச் சட்டம், 2015 என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 18 முடியும்வரை எல்லோரும் குழந்தைதான். அதில் 79-வது பிரிவு, குழந்தையை வேலைக்காகக் கட்டிப்போட்ட மாதிரி வைத்திருந்தாலோ, சம்பளத்தைத் தராமல் பிடித்து வைத்தாலோ ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம் என்கிறது. "சம்பளத்தை நானே சேர்த்து வைத்துக் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறேன்" என்று நல்ல மனசோடு சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அதுவும் பிடித்து வைப்பதுதான், சிக்கலில் போய் முடியும்.

அந்த 25,000-ஐக் கையால்கூடத் தொடாதீர்கள். முன்பணம் கொடுத்து அதற்காக ஆளை வேலையில் வைத்திருப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அவள் நடுவில் போக வேண்டும் என்றால் அப்பா "கடன் முடியட்டும்" என்பார். அப்போது அவளைப் பிடித்து வைத்திருப்பது யார்? நீங்கள்தான்.

குடியாத்தம்_பெரியவர்:

முன்பணம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் காலத்து வட ஆற்காட்டில் எங்கள் பக்கம் பீடிக்கு இப்படித்தான். அப்பன் முன்பணம் வாங்குவான், பிள்ளை உட்கார்ந்து சுற்றும். கடன் குறையவே குறையாது. நடுவில் ஒரு நல்லது கெட்டது வரும், இன்னும் கொஞ்சம் வாங்குவான். கொடுத்தவனும் கெட்டவன் இல்லை, "பாவம் கேட்டான், கொடுத்தேன்" என்பான்.

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. சட்டத்தை விட்டுவிட்டு வேறு ஒன்று சொல்கிறேன்.

தவழும் குழந்தைக்கு வீட்டில் பெரிய ஆபத்து அடுப்பு இல்லை. பாத்ரூமில் பாதி நிரம்பிய வாளி. தண்ணீர் விடாத நாளுக்காக நாம் எல்லோரும் பிடித்து வைத்திருப்போம். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை விளிம்பைப் பிடித்து எழுந்து உள்ளே எட்டிப் பார்க்கும். தலை கனம். கவிழ்ந்தால் தானாக வெளியே வரத் தெரியாது. சத்தமும் கேட்காது.

அடுத்தது காய்ச்சல் மருந்து. பாரசிட்டமால் டிராப்ஸ் வேறு, சிரப் வேறு. டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. அட்டைப்பெட்டி ஒரே நிறம், பெயரும் ஒன்றே. சிரப் என்று நினைத்து டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும், கொடுக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு. படித்த அம்மாக்களே இதில் தடுமாறி ஓடி வருகிறார்கள். டாக்டர் எடையைப் பார்த்து எழுதிக்கொடுத்த அளவை பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். மற்ற பாட்டில்களைப் பூட்டி வையுங்கள்.

பதினேழு வயதுப் பெண்ணால் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாதா? தாராளமாக முடியும். எங்களிடம் நர்சிங் முதல் வருடம் சேருகிற பிள்ளைகளும் அந்த வயதுதான். ஆனால் அவர்கள் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு சிஸ்டர் இருப்பார். உங்கள் வீட்டில் பகல் பதினோரு மணிக்கு அவள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? முட்டி வலியோடு கட்டிலில் உங்கள் மாமியார்.

முனிக்_மருமகன்:

சொந்த ஊர் சத்துவாச்சாரி, இப்போது ஜெர்மனி. இங்கே இளம் பெண்கள் வேறு நாட்டிலிருந்து வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்ப்பதற்கு ஓ-பேர் என்று பெயர். அதற்கு விதிமுறை உண்டு. வயது 18 முதல் 26 வரை. வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். தனி அறை தர வேண்டும். மொழி வகுப்புக்குப் போக விட வேண்டும்.

அமெரிக்காவிலும் 18 முதல் 26 தான். நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 45 மணி. மூன்று மாதம் நிறையாத குழந்தை இருந்தால் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், வருகிற பெண் ஏற்கெனவே 200 மணி நேரமாவது கைக்குழந்தை பார்த்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வயது பதினெட்டு ஆகிவிட்டதே என்று விட்டுவிடவில்லை.

நம் ஊரில் இதெல்லாம் சரிப்படாது என்பீர்கள். சரி. ஆனால் வீட்டோடு தங்குகிற பெண்ணுக்கு வேலை நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று உங்கள் பதிவில் எங்கேயும் இல்லையே?

காட்பாடி_ஜன்னல்சீட்:

முனிக் அண்ணா, அது நான் யோசிக்கவே இல்லை. வீட்டோடு இருப்பவள்தானே என்று நினைத்துவிட்டேன். அறை தனியாக இல்லை. ஹாலில் மாமியார் பக்கத்தில் படுக்கட்டும் என்று இருந்தோம்.

பாலாறு_மணல்:

ஜெர்மனிக்காரன் கதையெல்லாம் ஜெர்மனிக்கு. முப்பது மணி நேரம் வேலை செய்தால் மீதி நேரம் அந்தப் பெண் காட்பாடியில் என்ன செய்யும், ஃபோனா நோண்டும்?

பேரணாம்பட்டு_பொண்ணு:

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

நான் பதினைந்து வயதில் பெங்களூருக்குக் குழந்தை பார்க்கப் போனவள். இப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள். என்னை வைத்திருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடித்ததில்லை. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஹாலில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் பாய். ராத்திரி மோட்டார் ஓடி நிற்கும்போது ஒரு உதறல் உதறும், ஒவ்வொரு தடவையும் விழிப்பு வந்துவிடும். குழந்தை அழுதாலும் நான்தான் எழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் ஹாலில் இருக்கிறேன், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள்.

ஒரு நாள் நான் பால் கலக்கப் போன நேரத்தில் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது. பின்மண்டையில் அடி. அழுது முடித்து, ஒரு வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிவிட்டது. மேடம் ஆபீசிலிருந்து வந்து "என்ன, சீக்கிரமே தூங்கிட்டா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. விழுந்தால் சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா வாங்கின காசை யார் கொடுப்பது? அதுதான் மனசில் இருந்தது.

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா. எங்கள் பக்கத்தில் ஊரே கிளம்பிப் போகும். எனக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

பாலாறு_மணல் ஐயா, மூன்று வேளை சோறும் ஃபேனும் எங்களுக்கும் கிடைத்தது. அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

பேரணாம்பட்டு தங்கை சொன்னதைத்தான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டேன். எங்களிடம் தலையில் அடிபட்டுக் குழந்தை வரும்போது முதல் கேள்வி "எப்போது விழுந்தது?" இரண்டாவது "விழுந்த பிறகு வாந்தி எடுத்ததா, மயக்கமாக இருந்ததா?" வீட்டில் குழந்தை பார்க்கிற பெண் கூட வந்திருந்தால், பதில் சொல்லும் முன்னால் அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்க்கும். அப்போதே தெரிந்துவிடும், நேரம் சரியாக வரப்போவதில்லை என்று. எங்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம்.

48 வயது அக்காவிடமும் குழந்தை விழும். ஆனால் அவர் ஃபோனைப் போட்டு, "ஏம்மா, பாப்பா விழுந்துட்டா, கிளம்பி வா" என்று உங்களை அதட்டுவார். வேலை போனால் போகட்டும் என்கிற தைரியம் அவருக்கு உண்டு. வீடு பக்கத்துத் தெருவில்தானே.

ரெண்டு_வால்:

மேலே எல்லோரும் நாகரிகம் கருதி விட்டுவிட்டதைச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். ஷிப்ட் வேலை என்றால் பகலில் உங்கள் கணவர் வீட்டில் இருப்பார், நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள். மாமியார் மதியம் தூங்குவார். உங்கள் கணவரைத் தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். குளித்துவிட்டு வந்து உடை மாற்ற அவளுக்குத் தாழ்ப்பாள் போடுகிற ஒரு அறை வேண்டும். அது இல்லாத வீட்டில் யாருடைய பெண்ணையும் தங்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான். வருகிற போகிற சொந்தக்காரர்களையும் கணக்கில் வையுங்கள். 1098 என்கிற குழந்தைகள் உதவி நம்பரை அவள் ஃபோனில் நீங்களே பதிந்து கொடுக்கத் தயாரா? அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கினாலும் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு சந்தேகம். ஷூ கம்பெனி என்கிறீர்கள். ஷூவின் மேல்பகுதி தைக்கிற செக்‌ஷனில் முக்கால்வாசி பெண்கள்தானே? உள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருக்குமே? பெண்கள் நிறைய இருக்கிற ஃபேக்டரியில் அது வேண்டும் என்று 1948 சட்டத்திலேயே வந்துவிட்டது. 2017-ல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் என்று விரித்தார்கள். அம்மா நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாலும் கொடுக்கலாம்.

காட்பாடி_ஜன்னல்சீட்:

இருக்கிறது அக்கா. கேன்டீனுக்குப் பின்னால். ஆனால் ஆபீஸ் ஸ்டாஃப் யாரும் அங்கே குழந்தையை விட்டதில்லை. தயாரிப்பு லைனில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது என்று ஒரு பழக்கமாகிவிட்டது.

ரெண்டு_வால்:

பழக்கம் என்றால்? விதியா, கௌரவமா?

பாலாறு_மணல்:

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்பாடியிலிருந்து மேல்விஷாரம், அதுவும் ஹைவேயில், இந்த வேலூர் வெயிலில். நல்ல யோசனை! போகும்போது தூங்கும், வரும்போது வாந்தி எடுக்கும். சும்மா இருங்கள்.

இருந்தாலும் ஒன்று. அந்த முன்பணம் விஷயம் கோர்ட்டு_வாசல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெண் வேலை செய்ய, அப்பன் கையில் பணம் போகக் கூடாது. அதை ஒத்துக்கொள்கிறேன். அவள் கையிலேயே கொடுங்கள், பேங்க் கணக்கில் போடுங்கள். மற்றபடி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

கோர்ட்டு_வாசல்:

அந்தப் பெண்ணுக்குக் கெமிஸ்ட்ரி ஒன்றுதானே போயிருக்கிறது? ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத் தேர்வு வந்துவிடும். பாஸ் செய்தால் வேலூரில் முத்துரங்கம் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும், 2022-லிருந்து தருகிறார்கள். பாலாறு ஐயா மில், கல்யாணம் என்று இரண்டு வழிதான் சொன்னார். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். 8,000-க்கு 1,000 ஈடாகாது என்பதும் தெரியும். அந்த வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது.

காட்பாடி_ஜன்னல்சீட்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, பாலாறு ஐயாவுக்கும் சேர்த்து.

மார்க் ஷீட் வாங்கிப் பார்த்தோம். 17 முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதாவது 18 கூட நடக்கவில்லை. துணைத் தேர்வு எழுதப்போகிறாயா என்று அவளிடம் ஃபோனில் கேட்டேன். பின்னால் அப்பா குரல் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "ஃபீஸ் கட்டிட்டேங்க, வீட்ல சொல்லல" என்று மெதுவாகச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரெண்டு_வால் அக்கா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. சேருகிற தேதியைப் பேசப் போன அன்றைக்குக் காப்பகத்தை உள்ளே போய்ப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கேன்டீனுக்குப் போகிற வழியில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பைப்பில் சேலைத் தூளி ஏழெட்டுத் தொங்குகிறது. தரை சுத்தம். ஆயாக்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் முன்பு லைனில் இருந்தவர். ஒவ்வொரு குழந்தையின் பால் டம்ளரிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துதான் வைத்திருந்தார்கள், அதை முதலில் பார்த்தேன். குறை என்றால் சோல் ஒட்டுகிற பசை வாடை. மதியம் காற்று அந்தப் பக்கம் திரும்பினால் லேசாக வருகிறது. ஜன்னல் பக்கம் மாற்றுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபீஸ் ஸ்டாஃப் ஒருத்தி எழுதிக் கொடுத்ததும் அட்மின் ஆள் அன்றைக்கே வந்து அளவெடுத்தார். லைன் பெண்கள் போன வருடமே சொன்னார்களாம்.

ஃபேன் மாட்டும்வரை, அப்புறம் வெயில் தணியும்வரை, தெரு அக்காவைக் காலை எட்டு முதல் ஆறு வரை வைத்துக்கொள்கிறோம். 14,000-ஐ 13,500 ஆக்கலாமா என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார். "உங்க செருப்பு விலை என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். 14,000 தான். ஷிப்ட் இரவுகளில் நான்தான் எழுந்திருக்கப் போகிறேன், அதற்கு ஆள் தேடுவதை விட்டுவிட்டேன்.

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

அந்த அக்காவுக்கும் வாளி, மருந்து பாட்டில் இரண்டையும் காட்டிச் சொல்லுங்கள். வயதானவர்கள் சளிக்குக் கொஞ்சம் தேன் தடவுகிற பழக்கமும் உண்டு, ஒரு வயது வரை கூடவே கூடாது. தொண்டையில் ஏதாவது சிக்கினால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. கவிழ்த்து முன்கையில் கிடத்தி, தலை தாழ்வாக, முதுகில் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பி, நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள், கூடவே ஒருவர் 108-க்கு ஃபோன் போடட்டும். ஒரு பொம்மையை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் கணவரும் சேர்ந்து.

தொரப்பாடி_டாடி:

இழை முழுவதும் படித்தேன், நல்ல தகவல்கள். எங்களுக்கும் ஆறு மாதக் குழந்தை, அவசரமாக வீட்டோடு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஒடுகத்தூர் பெண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை என்றால் நம்பர் தர முடியுமா? முன்பணம் பிரச்சினை இல்லை, 30 ஆயிரம் வரை தரலாம்.

காட்பாடி_ஜன்னல்சீட்:

தர மாட்டேன் அண்ணா. அவளுக்குப் பரீட்சை இருக்கிறது. எங்கள் தெரு அக்காவுக்குத் தங்கை ஒருவர் இருக்கிறார், வயது 44, உங்கள் பக்கம்தான் வீடு. 14,000-க்குக் குறைய மாட்டார். வேண்டுமானால் தனிச் செய்தியில் கேளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.